மேக்னெட் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் கேரி, மாரிஸ்வில் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வெளிப் பகுதிப் பிள்ளைகளையும் ஈர்ப்பதற்காகச் சிறப்புப் பாடங்கள் வைத்திருக்கும் அரசுப் பள்ளிதான் மேக்னெட். அதற்கான விண்ணப்பக் காலம் வந்துவிட்டால், அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே நகரை ஒட்டி வாழும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அதே கேள்விகள்தான் சுற்றுகின்றன. எந்தப் பள்ளிக்கு ரேட்டிங் அதிகம், என்லோ உயர்நிலைப் பள்ளியில் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம் கிடைக்குமா, லிகன் நடுநிலைப் பள்ளிக்குப் பஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "அந்த ஏரியா எப்படிங்க?" அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகளும் மேக்னெட் பள்ளியில்தான் படிக்கிறாள்.

தென்கிழக்கு ராலேயில் இருக்கும் லிகன், 1953இல் கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியாகத் திறக்கப்பட்டது. இன்று தொடக்கப் பள்ளியாக இருக்கும் வாஷிங்டன் அதைவிடப் பழையது. ராலேயில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று வந்த முதல் பொது உயர்நிலைப் பள்ளி அதுதான், 1924இல். இனப் பிரிவினைக் காலத்தில் வேறெங்கும் சேர முடியாத பிள்ளைகளை அந்த ஊர் மக்கள் இங்கேதான் ஆளாக்கினார்கள். இன்று நாம் ஜிடி என்ற திறமை வளர்ப்பு வகுப்புகளுக்காக வரிசையில் நிற்பது அந்தக் கட்டடங்களின் வாசலில்.

1976இல் ராலே நகரப் பள்ளிகளும் அதைச் சுற்றியுள்ள வேக் கவுண்டிப் பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. வசதியுள்ள குடும்பங்கள் புறநகருக்கு நகர, நகரத்துப் பள்ளிகளில் இடம் காலியாகிக்கொண்டிருந்தது. யாரையும் கட்டாயப்படுத்தாமல் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை அங்கே வரவழைக்க 1982இல் மேக்னெட் திட்டம் தொடங்கியது. நல்ல பாடங்களை, கலை வகுப்புகளை நகரத்துக்குள் வைத்தார்கள். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இடம் வேண்டும் என்பதால், அந்தத் தெருவிலேயே வசித்த பிள்ளைகள் பலர் தொலைதூரப் பள்ளிகளுக்குப் பஸ் ஏறினார்கள். நம் பிள்ளைக்குக் கிடைக்கும் இருக்கை அப்படி வந்தது.

2000இல் வேக் பள்ளி மாவட்டம், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று பிரிப்பதில் இனக் கணக்கை விட்டு, குடும்ப வருமானத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் மாணவர்கள் எந்தப் பள்ளியிலும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. சத்துணவு வரிசையில் தட்டோடு நின்று படித்து வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த 40 சதவீதம் யாரைக் குறிக்கிறது என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. 2010 மார்ச்சில் பள்ளி வாரியம் 5-4 என்ற வாக்கில் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. ஊர் கொந்தளித்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்தப் பெரும்பான்மையும் போனது. ஆனால் பழைய விதி முழுதாகத் திரும்பி வரவில்லை. ஏழ்மை ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்ள இன்று மிச்சமிருக்கும் முக்கியமான வழிகளில் மேக்னெட் ஒன்று. விண்ணப்பத்தில் வசதியான பகுதிகளுக்கு முன்னுரிமை கிடைப்பதும் இதனால்தான். அதை நம் பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜிடி மேக்னெட்டில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. ஏஐஜி, அதாவது தனித்திறன் உள்ள மாணவர், என்று அடையாளம் பெற்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. அங்கே உள்ள விருப்பப் பாடங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. இது தெரியாமல், ஏழு வயதுக் குழந்தையைக் கோச்சிங் வகுப்பில் போட்டு வாட்டுகிறோம். அப்புறம் பள்ளிக்குள் போனதும், பாடத்தை வேகமாக முன்கூட்டியே நடத்தும் கணக்கு வகுப்பில் நம் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும், அடுத்த வகுப்பில் அந்தத் தெருப் பிள்ளைகளும் என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள் உருவாகிவிடுகின்றன. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். இவ்வளவு தூரம் பஸ்ஸில் போயும் கேரியில் பழகிய அதே நண்பர்களோடு மட்டும் பழகிவிட்டு வருவதானால், எதற்காகப் போக வேண்டும்?

ஆகவே விண்ணப்பிக்கும் முன் குழந்தையை அழைத்துக்கொண்டு பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். ரேட்டிங் எண்ணில் பெரும்பகுதி அங்கே படிக்கும் குடும்பங்களின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. இடம் கிடைத்தால் பிடிஏ என்ற பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தத் தெருத் தாய்மார்களோடு பேசுங்கள், பிறந்தநாளுக்கு அவர்கள் பிள்ளைகளையும் அழையுங்கள். கேரியிலிருந்து தூரம் என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஸ்பெல்லிங் பீ போட்டி என்றால் நாம் சார்லட் வரை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்.

பஸ் விஷயத்திலும் உங்கள் குரல் தேவை. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளை, வீட்டருகே நிற்காத எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் நிறுத்தம் வரை பெற்றோர்தான் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. நமக்குக் கார் இருக்கிறது, வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதியும் பலருக்கு இருக்கிறது. விடிகாலை ஷிஃப்டுக்குப் போகும் தாய்க்கு அந்த நிறுத்தம் எட்டாது. தன் பிள்ளையை மான்டசோரிக்கோ ஸ்பானிஷ் வழிப் பள்ளிக்கோ அனுப்பும் உரிமை அவருக்கும் காகிதத்தில் இருக்கிறது. பஸ் இல்லாமல் அதை வைத்து அவர் என்ன செய்வார்?

நம்மில் பலருக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. ஆனால் வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுக்க அது தேவையில்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் பெயர் கொடுக்கப் போகிறேன், வீட்டருகே பஸ் நிறுத்தம் கேட்டு. முதலில் தென்கிழக்கு ராலேப் பிள்ளைகளுக்கு, அதன் பிறகு நமக்கு. உடன் வர விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
வேக் மாவட்டத் தாய் ஒருத்தி