சுவரை உடைக்கும் முன் மானியத்துக்கு விண்ணப்பியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சான் அன்டோனியோவில் சக்கர நாற்காலிச் சரிவுப்பாதை, குளியலறை, கதவு வேலைகளுக்கு எங்களை அழைப்பவர்களில் பலர் அமெரிக்கப் படையில் பணியாற்றி உடல் உறுப்பையோ பார்வையையோ இழந்தவர்கள். "எப்போது தொடங்குவீர்கள்?" என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. அந்த அவசரம் எங்களுக்குப் புரிகிறது. தினமும் குளிக்க இன்னொருவர் தூக்கிவிட வேண்டியிருப்பது எவ்வளவு வேதனை! ஆனாலும் வி.ஏ. எனப்படும் படைவீரர் நலத்துறையின் ஒப்புதல் வரும்வரை நாங்கள் ஓர் ஓட்டைக்கூடப் பெயர்க்க மாட்டோம். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி உங்கள் சேமிப்பைக் கரைக்க வேண்டாம்.

வீட்டை மாற்றியமைக்க வி.ஏ. தரும் மானியங்களில் பெரியது எஸ்.ஏ.எச். (ஸ்பெஷலி அடாப்டட் ஹவுசிங்). கால்கள் செயலிழந்த வீரர்களுக்காக 1948-இல் தொடங்கியது. 2025 நிதியாண்டில் இதன் உச்சவரம்பு 1,21,812 டாலர். பணியின் காரணமாக ஒன்றுக்கு மேற்பட்ட கை கால்களை இழந்தவர்களும், அவை இருந்தும் பயன்படாமல் போனவர்களும், கடுமையான தீக்காயம் அடைந்தவர்களில் சிலரும் இதைப் பெறலாம். வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், அல்லது அவர்கள் பெயருக்கு வரவிருக்க வேண்டும். இரு கைகளும் செயலிழந்தவர்கள் போன்றோருக்கான எஸ்.எச்.ஏ. (ஸ்பெஷல் ஹோம் அடாப்டேஷன்) என்ற மானியம் சிறியது, அதே ஆண்டில் 24,405 டாலர். அந்த வீடு குடும்பத்தினர் பெயரில் இருந்தாலும் போதும். இரண்டுமே கடன் அல்ல. கட்டுமானச் செலவுக்கு ஏற்ப வரம்பு ஆண்டுதோறும் அக்டோபரில் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும்போது நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முழுத் தொகையையும் ஒரே வேலையில் செலவிட வேண்டியதில்லை. ஈராக்கில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்த ரையன் கூல்ஸின் பெயரையும் தாங்கி 2020 ஆகஸ்டில் கையெழுத்தான சட்டம், மானியத்தை மூன்று முறைக்குப் பதிலாக ஆறு முறை பயன்படுத்த வழிசெய்தது. இருபத்தைந்து வயதில் ஊன்றுகோலோடு நடப்பவருக்கு ஐம்பது வயதில் சக்கர நாற்காலி தேவைப்படலாம். வேலைக்காக வேறு ஊருக்குக் குடிபெயரவும் நேரலாம். ஆகவே இன்றைக்கு அவசியமானதை மட்டும் செய்யுங்கள். மேல்தளத்துக்குப் பளிங்கு போடுவதற்கு இந்தப் பணத்தைத் தொடாதீர்கள் என்று எங்களிடம் வருபவர்களிடம் வற்புறுத்தியே சொல்கிறோம்.

பெற்றோர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்கள், இந்த மானியங்களின் ஒரு பகுதியை அந்த வீட்டுக்கும் பயன்படுத்தலாம்.

ஹிசா (வீட்டு மேம்பாடு, கட்டமைப்பு மாற்றத்துக்கான உதவி) தனி. இது வி.ஏ.வின் மருத்துவப் பிரிவு வழியாக வருவது. வி.ஏ. மருத்துவரின் பரிந்துரை, வேலைவாரியான மதிப்பீடு, மாற்ற வேண்டிய இடத்தின் புகைப்படம் ஆகியவை தேவை. சரிவுப்பாதைக்கும் குளியலறைக்கும் இது பொருந்தும். உல்லாசக் குளியலுக்கான வெந்நீர்த் தொட்டிக்குக் கிடைக்காது. மதிப்பீட்டை நாங்கள் கட்டணமில்லாமல் எழுதித் தருகிறோம்.

அளவெடுக்க வரும்போது வீட்டை மட்டுமல்ல, அதில் வாழ்பவரையும் பார்க்க வேண்டும். நாற்காலி திரும்பும் இடம், கை எட்டும் உயரம், தூக்கிவிடுபவர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வோம். கதவுக்கு 36 அங்குலம், நடைபாதைக்கு 48 அங்குலம் அகலம் வேண்டும். தீ விபத்தில் தப்பிக்க நாற்காலியோடு வெளியேறும் வழிகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதனால் அவரும் அன்று வீட்டில் இருக்கட்டும்.

எஸ்.ஏ.எச்., எஸ்.எச்.ஏ. இரண்டுக்கும் படிவம் 26-4555. நிரப்பித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமெரிக்கன் லீஜியன், பாரலைஸ்டு வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா போன்ற படைவீரர் அமைப்புகள் இலவசமாகவே உதவுகின்றன. ஒப்புதல் வந்ததும் வேறு ஒப்பந்ததாரர்களிடமும் விலை கேளுங்கள். எங்களுடையதையும் அவற்றோடு வைத்து ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுச் சீரமைப்புக் குழுவினர்