ஞாயிறு நன்மங்கலம் போகிறோம்

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு காலை 6 மணிக்கு சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டு வாசலுக்கு வந்துடுங்க. வனத்துறை அனுமதி கிடைச்சாச்சு, அடையாள அட்டை அவசியம்.

இந்தத் தடவை காடு உயிர்கள் தங்குற நிலையில இருக்கான்னு பார்க்கிறோம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே களா, காரை, சூரை மாதிரி நம்ம மண்ணுப் புதர்கள் எவ்வளவு, வெளியிலிருந்து வந்து பரவுற உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் எவ்வளவு இடத்தைப் பிடிச்சிருக்குன்னு எழுதணும். மரச் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்துல அளங்க.

பட்ட மரத்தைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. போன தடவை பலரும் அதைத் தாண்டிப் போனது எனக்கு ரொம்ப வருத்தம். மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைஞ்சுட்டுப் போன பொந்துலதான் மைனாவும் புள்ளி ஆந்தையும் குஞ்சு பொரிக்குது. அதுங்களால மரத்தைக் குடைய முடியாது. மொட்டைப் பனை ஒண்ணு நின்னாலும் பொந்து எத்தனை, எந்த உயரம்னு குறிங்க. விழுந்து கிடக்கிற கட்டை, சருகின் ஆழம் இரண்டும் வேணும். அரணையும் தேரையும் அதுக்கடியிலதான் வெயில் தாங்குது.

பழைய கல்குவாரிப் பாறைப் பக்கம் யாரும் இறங்க வேண்டாம். கொம்பன் ஆந்தை கூடு வைக்கிற இடம். பைனாகுலர்ல தூரமா நின்னு பாருங்க, கூடு தெரிஞ்சா இடத்தை எங்கேயும் பகிராதீங்க.

அளவு நாடா வெச்சிருக்கிறவங்க இங்கேயே சொல்லுங்க, 4 தேவைப்படுது.