பாம்பன் கரைச் சொந்தங்களுக்கு நன்றி

அன்புள்ள சொந்தங்களுக்கு, வணக்கம்.

என் முதல் பாட்டுத் தொகுப்பு வெளியாகிவிட்டது. அட்டையில் என் பேர்தான் பெரிதாக இருக்கிறது. உங்கள் பேர் ஒன்றுகூட இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி கரைவலை இழுக்கும் சித்தப்பாமாருக்கும் அண்ணன்மாருக்கும். பள்ளிக்கூட லீவு விட்டால் உங்கள் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டு கிடப்பேன். வலை தூரத்தில் கிடக்கும்போது, வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை எடுக்கிறவர் நிதானமாக நீட்டிப் பாடுவார். மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கி, ஓர் அடி பின்னால் எடுத்து வைப்பார்கள். மீன் சேரும் பையான வலையின் மடி கரையை நெருங்கினால் மீன் தப்பிவிடக் கூடாதே என்று கை வேகமெடுக்கும், பாட்டும் கூடவே ஓடும். வரி பாதியாகும், அப்புறம் ஒற்றைச் சொல்லாகும், கடைசியில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். என் பாட்டு எதுவும் தொடங்கிய வேகத்தில் முடியாததற்கு நீங்கள்தான் காரணம்.

முதலில் போன ஸ்டுடியோவில், வேகம் மாறாமல் தாளம் காட்டும் கிளிக் சத்தம் போடாமல் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டோலக் வாசிக்கும் தம்பிதான், "நானும் ஒருநாள் கயிற்றைப் பிடிச்சுப் பாக்குறேண்ணே" என்று மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்தான். உள்ளங்கை கொப்பளித்துப்போய்த் திரும்பியவன், கிளிக்கே இல்லாமல் வாசித்துக் கொடுத்தான். தம்பி, அந்த வாசிப்புக்கு எதைக் கொடுத்தாலும் ஈடாகாது.

அம்மாச்சி தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவள். 1964 டிசம்பர் புயலில் வீட்டையும் தம்பியையும் பறிகொடுத்துப் பாம்பன் வந்து சேர்ந்தாள். கருவாடு காயப்போடும்போதெல்லாம் தம்பிக்காக ஒப்பாரி சொல்வாள். கண்ணில் தண்ணீர் இருக்காது. கை மீனைத் திருப்பிக்கொண்டே இருக்கும். 'வாடை திரும்பலியே, வத்தை கரை சேரலியே' என்ற பாட்டின் மெட்டு முழுக்க அவளுடையது, சொல்லில் பாதியும் அவளுடையதுதான். அவள் இல்லை. மாமாமாரும் சித்திமாரும் அவளுக்குரிய நன்றியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இலங்கை வானொலியைச் சத்தமாக வைத்து, என்னை விரட்டாமல் பெஞ்சில் உட்கார விட்ட டீக்கடை மாமாவுக்கும், ஏர்வாடிச் சந்தனக்கூட்டில் தாயிரா என்ற கைப்பறை தட்டிப் பாடிய பக்கீர்களுக்கும் நன்றி. நம்ம பேச்சிலேயே பாடலாம் என்ற துணிச்சல், பக்கத்துச் சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி அம்மா பாடக் கேட்டு வந்தது.

சின்னப்பாலத்து அக்காமாருக்கு என்ன சொல்ல? விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கடலில் முங்கி எடுத்த மரிக்கொழுந்துக் கடல்பாசியை விற்ற காசு அது. பதிவுச் செலவுக்குக் குழுச் சேமிப்பிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு, வட்டி வேண்டாம் என்றீர்கள். சரி, வட்டி தரவில்லை. அசல் பொங்கலுக்குள் வந்துவிடும். "எங்க கஷ்டத்தை மட்டும் பாடாதே தம்பி, தண்ணிக்குள்ள நாங்க பாக்குற அழகையும் பாடு" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் உங்களைப் பற்றிய பாட்டுக்கு உயிர் வந்தது. பாறை இடுக்கில் வெளிச்சம் ஆடுவதும், குஞ்சு மீன்கள் வளையலைக் கொத்திப் பார்ப்பதும் நீங்கள் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மடி ஏறும்போது பாடும் பழைய அம்பாவில் நடு வரிகள் சில எனக்குக் கிடைக்கவில்லை. தங்கச்சிமடம், மண்டபம், தொண்டிப் பக்கம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள். நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பாம்பன் பாட்டுக்காரன்