புதிய அதிகாரியை வயலில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கு, கல்லல் பக்கத்துப் பங்குதாரர் ஒருவன் எழுதுவது. வணக்கம்.

நிதியையும் வயல் வேலையையும் சேர்த்துப் பார்க்க ஒரு தலைமை அதிகாரி எடுக்கப் போகிறீர்கள் என்று விளம்பரம் பார்த்தேன். நாங்கள் ரொம்ப நாளாகக் கேட்டது, நன்றி. ஆனால் பெரிய கம்பெனியில் 10 ஆண்டு அனுபவமுள்ள பட்டயக் கணக்காளர், சென்னையில் வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வயலுக்கு வந்தால் போதும் என்று போட்டிருக்கிறீர்களே, தை மாதம் நடந்தது அதற்குள் மறந்துவிட்டதா?

நடந்தது உங்களுக்குத் தெரியும். வரப்பில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கண்மாய்க்குக் கீழே நாம் சேர்த்துப் பயிர் வைத்த 60 ஏக்கரும் முற்றி நின்றது. ஆத்தூரிலிருந்து நெல் அறுக்கும் பெல்ட் வண்டியும் வந்துவிட்டது. டீசலுக்கு 15,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள், அதைக் கொடுக்க நம் வயல் அலுவலருக்கு அதிகாரம் இல்லை. சென்னைக் கணக்குப் பிரிவில் மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி அனுப்பச் சொன்னார்கள். அந்தத் தம்பி வரப்பிலேயே உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே இருந்தான். பொழுது சாயும்போது வண்டிக்காரர், "வேற ஊர்ல கூப்பிடுறாங்க தம்பி" என்று கிளம்பிவிட்டார். நாலாம் நாள் மழை. பணம் வந்தது அதற்கு மறுநாள். சாய்ந்து கிடந்த கதிரைத் தூக்கிப் பார்த்தேன், தண்ணீரில் கிடந்த பக்கமெல்லாம் ஊசி ஊசியாய் வெள்ளை முளை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள், நம் நெல்லுக்கு மீட்டர் 24 காட்டியது. வியாபாரி கேட்ட விலைக்கே போட்டோம்.

கணக்குப் பிரிவில் இருப்பவரை நான் குற்றம் சொல்லவில்லை, எங்கள் பங்குப் பணத்தைக் காப்பாற்றத்தான் அவர் விலைப்புள்ளி கேட்டார். ஆனால் கை விட்டுப் போன வண்டி திரும்பி வரப் பத்து நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. புரட்டாசியில் விதைக்கும்போதே தை அறுப்புக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று எழுதி ஒப்புதல் வாங்கி வைக்க வேண்டும் என்பது அந்தத் தம்பிக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரு ஆள் இங்கேயே குடியிருக்க வேண்டும், அறுப்புக் காலத்தில் ஒரு தொகை வரைக்கும் அவரே கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இது நம்ம ஊருக்குப் புதிதும் இல்லை. பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நம் நகரத்தார் (செட்டியார்) கடைகளில், கடைநிலைப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாளாக உட்கார்ந்தார்கள். ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு ஐராவதி கழிமுகத்தில் நெல் என்ன விலை என்பதும் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவர்களையே 1930களின் விலை வீழ்ச்சி சாய்த்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் பங்கு 1938இல் 25 சதவீதமானது. விரும்பி வாங்கிய நிலமா அது? திரும்பாத கடனுக்கு ஈடாக வந்தது, பணம் மண்ணில் மாட்டிக்கொண்டது. வயலும் கணக்கும் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒன்று மட்டும் தெரிந்தவரை நம்பி எங்கள் பணத்தை எப்படி விடுவது?

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் வந்த 10,000 உழவர் நிறுவனங்கள் திட்டத்தில் தலைமை அதிகாரிக்கு மாதம் 25,000 ரூபாய் வரைதான் உதவி, அதுவும் மூன்று வருடத்துக்கு. அதை வைத்து யார் தங்குவார்கள்? வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். எங்கள் மகசூலில் ஒரு பங்கு பிடித்துக்கொண்டாவது நல்ல சம்பளம் கொடுங்கள், நாங்கள் மறுக்க மாட்டோம். செட்டிநாட்டிலேயே வேளாண் கல்லூரி இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒன்றில் வயலையும் இன்னொன்றில் கணக்கையும் படித்த பிள்ளைகள் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்க, ஆளே கிடைக்கவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பெரியவர்கள் நீங்கள், கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைத் திருத்திப் போடுங்கள். இங்கேயே தங்குகிற, கையெழுத்து அதிகாரம் உள்ள ஆளாக எடுங்கள். நேர்காணலைக் கண்மாய்க் கரையில் வைத்து, கேள்வி கேட்க உழவர்கள் இரண்டு பேரையும் உட்கார வையுங்கள். விதைப்பு தொடங்குவதற்குள் அவர் வந்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பங்குதாரர் ஒருவன்