வாளிக்குள் விழுந்த ரெலிபோன்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின்ர முழங்கால் நோ முந்தின மாதிரித்தான். நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை.

போன புதன்கிழமை வயர் இல்லாத கோட்லெஸ் போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. சட்டைப் பையில கிடந்தது. குளியலறையில உடுப்பு ஊறப்போட்ட வாளியைக் குனிஞ்சு தள்ளேக்க தலைகீழாய் உள்ள போட்டுது. தூக்கேக்க திரை ரெண்டு தரம் மின்னி நிண்டுது. நான் ஒரு பட்டனும் அமத்தேல்லை, உடன பற்றரியைக் கழட்டினன். உன்ர போன் நனைஞ்சாலும் வேலை செய்யுதோ எண்டு அமத்திப் பாக்காதை, நிப்பாட்டி வை. ஈரத்தோட கரண்டு ஓடினால் உள்ளுக்குக் கெதியாய் அரிக்கும்.

அம்மா அரிசிக்குள்ள புதைக்கச் சொன்னா. நான் விடேல்லை. அரிசி பெரிசாய் ஈரம் இழுக்காது, தூள்தான் உள்ள போகும். சவர்க்காரத் தண்ணி எண்டபடியால் சும்மா காய விட்டாலும் காணாது, சவர்க்காரம் படிஞ்சுபோய்ச் செம்பில பச்சை பிடிக்கும். ஆணியைக் கழட்டித் திறந்து, நல்ல தண்ணியில அலசி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில வாங்கின, கெதியாய்க் காயுற ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பழைய பல் பிரஷில தொட்டுத் தேய்ச்சன். இலக்கம் இருக்கிற றப்பரைத் தனியாய் எடுத்துத் திருப்பினால், ஒவ்வொண்டுக்கும் அடியில மிளகளவில ஒரு கறுப்புப் பொட்டு. அதுகளைத் துணியால ஒத்தி எடுத்தன். மூண்டு நாள் ஃபானுக்குக் கீழ வைச்சன்.

கடைப் பெடியன் எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொன்னான். பற்றரி கேட்டால் சாதாரண 1.5 வோல்ற்றைத் தாறான். அதைச் சார்ஜில வைச்சால் ஒழுகும். சார்ஜ் ஏத்துற 1.2 வோல்ற்தான் வேணும் எண்டு நிண்டு வாங்கினன்.

லைன் பழுதெண்டு நினைச்சிடாதை. பழைய வயர் போனைக் கொழுவித்தான் இருந்தது. 2022 மார்ச் முடிவில 13 மணித்தியாலம் கரண்டு வெட்டேக்க, கோட்லெஸ் செத்துக் கிடக்க, அதுக்குத்தானே எடுத்து அம்மாவைத் தேத்தினனீ. அப்பிடிப்பட்ட பிள்ளை எண்டு ஆரைக் கண்டாலும் சொல்லுவன். இப்ப ஏழு கிழமை. வேலை கூட எண்டு தெரியும். எண்டாலும் ஒரு கோல் எடுக்க எவ்வளவு நேரம் போகும்? அந்த விசயத்தைப் பற்றி நான் ஒண்டும் எழுதேல்லை. சித்திக்குச் சொன்னனீ, எனக்குச் சொல்லேல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

பிள்ளை, அண்டைக்கு அம்மா கோயிலுக்குப் போட்டா. நீ எடுத்தனீ. போன் என்ர கையிலதான் இருந்தது. உன்ர நம்பர் திரையில நிண்டுது. நான் எடுக்கேல்லை. ஓய்ஞ்சு திரும்பவும் அடிச்சுது. அப்பவும் நம்பரைப் பாத்துக்கொண்டு இருந்தன். அம்மாவுக்கு இது தெரியாது. நீதான் எடுக்கிறாய் இல்லை எண்டு அவ அழேக்கயும் நான் வாய் திறக்கேல்லை. அண்டையில இருந்துதான் அதைச் சட்டைப் பையில கொண்டு திரியிறன்.

இண்டைக்குக் காலமை பூட்டிப் பாத்தன். டயல் ரோன் கேக்குது. 5 ஐக் கொஞ்சம் அழுத்தி அமத்த வேணும். திரை மட்டும் வரேல்லை, ஆர் எடுக்கினம் எண்டு தெரியாது. மணி அடிச்சால் நான்தான் எடுப்பன். இஞ்ச இரவு 8.30 எண்டால் உனக்குக் காலமை 11. சாப்பிட்டிட்டு எடு.

இப்படிக்கு,
அப்பா