பட்டறையில் ஸ்டூல் இழுத்துப் போட்ட அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிறு காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, சத்துவாச்சாரியில் இருக்கும் அந்தப் பொதுப் பட்டறையில் சேர வந்தேன். கையில் அப்பாவின் பழைய ரேடியோ. உள்ளே எல்லோரும் அவரவர் வேலையில் மூழ்கியிருக்க, யாரைக் கேட்பது என்று தெரியாமல் கதவருகிலேயே நின்றேன். நீங்கள்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, மொதல்ல கண்ணாடி போட்டுக்க" என்றீர்கள்.

நான் வைத்த முதல் சால்டரிங், அதாவது ரேடியோ பாகத்தின் கம்பிக் காலைப் போர்டில் ஈயம் உருக்கி ஒட்டியது, மங்கலாக, உருண்டையாக நின்றது. சூட்டில் குறை இல்லை. ஈயம் உருக்கும் அயர்ன் 350 டிகிரியில் இருந்தது. 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரி வாக்கிலேயே முழுசாக உருகிவிடும். ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கிச் சொட்டவிட்டதுதான் தப்பு. "போர்டையும் கம்பிக் காலையும் சேத்து சூடு பண்ணும்மா, ஈயம் தானா ஓடி வரும்" என்றீர்கள். மூன்றாவது தடவை பளபளவென்று சின்னக் கூம்பு மாதிரி படிந்தது. நீங்கள் தலையாட்டினீர்களே, அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

உங்கள் மேஜையில் பாதியில் நின்ற வேலையை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் என் பக்கத்தில் இருந்தீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை, மன்னிக்கணும். ரேடியோ பாடுகிறது அண்ணா. அப்பா வால்யூமைக் குறைக்கவே விடுவதில்லை. மனமார்ந்த நன்றி. உறுப்பினர் கட்டணம் கட்டிவிட்டேன், இந்த ஞாயிறும் வருகிறேன்.