ஆதார் ஆணையத்துக்கு: 2048 பிட் பூட்டு எத்தனை காலம் தாங்கும்?

இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தினருக்கும், ஆதாருக்கான 2032 தொலைநோக்குத் திட்டத்தை வகுக்கும் நிபுணர் குழுவினருக்கும்,

வணக்கம்.

2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன்னால் ஆதார் வழக்கு நடந்தபோது, அரசின் தலைமை வழக்கறிஞர் ஆதார் தரவைக் காக்கும், 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட சுவர்களைப் பற்றிச் சொன்னார். நாடே சிரித்தது. அதே வழக்கில் ஆணையத்தின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் சொன்னதை யாரும் கேலி செய்யவில்லை. 2048 பிட் நீளச் சாவியால் தரவைப் பூட்டும் மறையாக்கத்தை உடைக்கப் பிரபஞ்சத்தின் வயது அளவுக்குக் காலம் தேவைப்படும் என்றார் அவர். சுவரை விட்டுவிடுகிறேன், இந்த மடல் அந்தப் பிரபஞ்சக் கணக்கைப் பற்றியது.

இன்று நாம் பயன்படுத்தும் கணினிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் ஆர்எஸ்ஏ என்ற அந்த மறையாக்கம், ஒரு பெரிய எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதையே நம்பியிருக்கிறது. அந்தக் கணக்கை, அணுவுலகின் விதிகளைக் கொண்டு இயங்கும் குவாண்டம் கணினி விரைவில் முடித்துவிடும் என்று பெல் ஆய்வகத்தின் பீட்டர் ஷோர் 1994இலேயே நிறுவிவிட்டார். அதற்குத் தேவையான இயந்திரம் இன்னும் யாரிடமும் இல்லை. ஆனால் தேவையின் அளவு சுருங்கிக்கொண்டே வருகிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி ஒன்றை உடைக்க 2 கோடி க்யூபிட்டுகள் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) வேண்டும் என்று 2019இல் மதிப்பிட்டவர்களில் ஒருவரான கூகுளின் கிரெய்க் கிட்னி, 2025 மே மாதம் 10 லட்சத்துக்கும் குறைவானவை போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று எழுதினார். இயந்திரம் வளர்வதற்கு முன்பே கணிதம் பாதி வழி வந்துவிட்டது. நம் அரசும் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ரூ. 6,003.65 கோடி ஒதுக்கி, 1,000 க்யூபிட் வரை எட்ட இலக்கு வைத்திருக்கிறது. ஒரு கையால் அந்த இயந்திரத்தைக் கட்டும் அரசு, அது திறக்கக்கூடிய பூட்டுகளை மறு கையால் மாற்ற வேண்டாமா?

ரேஷன் கடைக் கருவியில் ஒருவர் விரல் வைத்ததும் என்ன நடக்கிறது என்பதை நீங்களே வெளியிட்ட அங்கீகார ஏபிஐ (மென்பொருள் இணைப்பு விதிகள்) ஆவணம் சொல்கிறது. ரேகைத் தரவு, பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி கொண்ட ஏஇஎஸ்-256 முறையால் பூட்டப்படுகிறது. அதில் குறையில்லை, குவாண்டம் கணினியும் அதை எளிதில் அசைக்காது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி, ஆணையத்தின் 2048 பிட் ஆர்எஸ்ஏ பொதுச்சாவியால் (யாரும் இதைக் கொண்டு மூடலாம், ஆணையம் மட்டுமே திறக்கலாம்) மூடப்பட்டு அதே தரவுப் பொட்டலத்தில் பயணிக்கிறது. ஒவ்வொரு முறையும் புது ஏஇஎஸ் சாவிதான். ஆனால் அவை எல்லாவற்றையும் மூடும் ஆர்எஸ்ஏ சாவி, அதைத் தாங்கிய மின்சான்றிதழின் ஆயுள் முடியும்வரை, நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆகவே அந்த ஒரு சாவி உடைந்தால் ஒரு பொட்டலம் மட்டும் திறக்காது. அந்தக் காலத்தில் யாரேனும் பிடித்து வைத்திருக்கும் அத்தனையும் திறக்கும்.

'பிடித்து வைத்திருக்கும்' என்பதில்தான் அவசரம் இருக்கிறது. இடைவழியில் நகலெடுத்துச் சேமித்துவிட்டு, இயந்திரம் வரும்வரை காத்திருப்பவர்களைப் பற்றி உலகெங்கும் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிக்கின்றன. வங்கிக் கடவுச்சொல் பதினைந்து ஆண்டு கழித்து வெளியானால் பாதகமில்லை, அதற்குள் பலமுறை மாற்றியிருப்போம். இந்த ஆண்டு ஐந்து வயது நிறைந்து பத்து விரல்களையும் இரு கருவிழிகளையும் பதிவுசெய்யும் குழந்தை, 2090இலும் அதே விரல்களோடுதான் இருக்கும். வேறு எந்த அரசுத் தரவுக்கும் இவ்வளவு நீண்ட ஆயுள் கிடையாது.

மாற்றுவழி இருக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியையும் தாங்கும் மறையாக்க முறைகளுக்குப் போட்டி நடத்தி, 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரநிலைகளை இறுதி செய்தது. அவற்றில் எம்எல்-கெம் என்பது சாவியை மூடி அனுப்புவதற்கானது. அதன் 768 வகையைச் சேர்த்தால் ஒரு பொட்டலம் 1,088 பைட்டுகள் கூடும். மந்தமான கிராமத்து இணைப்பிலும் இது பாரமில்லை. ஆனால் ஆர்எஸ்ஏவை உடனே எறிந்துவிடச் சொல்லமாட்டேன். அந்தப் போட்டியில் நெடுந்தூரம் வந்த சைக் என்ற முறையை 2022இல் இரண்டு ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியின் ஒற்றை மையத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். பழையதும் புதியதும் சேர்ந்தே மூடட்டும். ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும். சிக்னல் செய்திச் செயலியும் ஆப்பிளின் ஐமெசேஜும் இப்படித்தான் மாறின. இடையில் 'குவாண்டம் பெட்டி' விற்க உங்கள் வாசலுக்கு வருபவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

கடினம் ரேகை படிக்கும் கருவிகளில் இருக்கிறது. பாதுகாப்பு கூடிய எல்-1 வகையில் மறையாக்கம் கருவியின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடக்கிறது. கைபேசிச் செயலியைப் போல ஒரே இரவில் புதுப்பிக்க முடியாது. பழைய எல்-0 வகையிலிருந்து எல்-1க்கு மாறிய அனுபவம் உங்களுக்கே உண்டு. ஆகவே இனி எஸ்டிக்யூசி என்ற அரசுத் தரச்சோதனை அமைப்பின் சான்று கோரும் ஒவ்வொரு புதிய கருவிக்கும் எம்எல்-கெம் ஆதரவைக் கட்டாயமாக்குங்கள். இன்று வாங்கும் கருவி இன்னும் பல ஆண்டுகள் ஏதோ ஒரு கடை மேசையில் இருக்கப்போகிறது.

இன்னொரு சிக்கல் அட்டையிலேயே இருக்கிறது. ஆதார் கியூஆர் குறியீட்டில் பெயர், முகவரி, சிறு புகைப்படம், இவற்றோடு 256 பைட் மின்கையொப்பம். ஆகப் பெரிய கியூஆருக்குள் அடங்குவது 2,953 பைட்டுகள். நிஸ்ட் இறுதி செய்த மூன்றில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏ கையொப்பம், அதன் மிகச்சிறிய வகையிலேயே, 2,420 பைட். மீதி ஐந்நூற்றுச் சொச்சத்தில் முகம் எங்கே, முகவரி எங்கே? 666 பைட்டில் முடியும் ஃபால்கன் என்ற வேறு கையொப்ப முறை பொருந்தலாம். படத்தை அட்டையிலிருந்தே எடுத்துவிடுவதும் ஒரு வழி. இதில் சேமித்துவைத்து உடைக்கும் ஆபத்து இல்லை என்பதால் அவகாசம் உண்டு. ஆனால் கையொப்பச் சாவி உடையும் நாளில் யார் வேண்டுமானாலும் செல்லுபடியாகும் அட்டையை அச்சடிக்கலாம். அதன்பின் உண்மையான அட்டைக்கும் மதிப்பிருக்காது.

எந்த அமைப்பில் எந்த மறையாக்கம் இருக்கிறது என்று பட்டியலிடுவதற்கான வழிகாட்டுதலை, நம் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2025 ஜூலையில் வெளியிட்டது. புதிய மறையாக்கத்துக்கு மாற பிரிட்டன் தன் நிறுவனங்களுக்கு 2028, 2031, 2035 என்று மூன்று கட்டம் குறித்துவிட்டது. உங்களிடம் நான் கேட்பது இரண்டு: ஆதாரில் ஆர்எஸ்ஏ எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரித்து, அதன் சுருக்கத்தையாவது பொதுவில் வையுங்கள். 2048 பிட் ஆர்எஸ்ஏவை மட்டும் நம்பிய பொட்டலங்களை எந்தத் தேதிக்குப் பிறகு ஏற்கமாட்டீர்கள் என்று அறிவியுங்கள். தேதி தெரிந்தால் கருவி தயாரிப்பவர்களும் எங்களைப் போன்ற நிரலாளர்களும் வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஆதார் எண் வைத்திருக்கும் ஒரு நிரலாளர்